நாக்குப் படாத உருண்டை

மாப்பிள்ளையின் அம்மா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்த முகமாகத்தான் கேட்டார்.

"பொண்ணுக்கு ரெண்டு அத்தைன்னு கேள்விப்பட்டோம். ஒருத்தரைத்தான் பாக்கறோம். சின்னவங்க எங்க?"

பெண்ணின் அப்பா ஜன்னல் கம்பியைப் பார்த்தான். பெண்ணின் அம்மா காலியான பிஸ்கட் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மேட்ரன் மட்டும் எப்போதும்போல நாற்காலியில் முதுகு படாமல் நிமிர்ந்து உட்கார்ந்து, "கல்யாணத்துக்கு வருவா. முன் வரிசையில உக்காருவா," என்றார்.

சொல்லியாயிற்று. மேட்ரன் வாயிலிருந்து வந்த சொல் திரும்பி உள்ளே போனதாக அந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை.

மேட்ரன் என்பது அவர் பார்த்த வேலை. பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை போன பிறகும் பெயர் போகவில்லை. பால்காரர் முதல் பக்கத்து வீட்டு வக்கீல் வரை எல்லோருக்கும் அவர் மேட்ரன்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா சீக்கிரம் போய்விட்டதால் தம்பியையும் தங்கையையும் தூக்கி வளர்த்ததே அவருடைய குடும்பம். தம்பி கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டீரிங் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவன், வீட்டில் மட்டும் பின் இருக்கையில் உட்கார்ந்தே காலத்தை ஓட்டிவிட்டான். இப்போது அவனுடைய மகளுக்குத்தான் கல்யாணம்.

தங்கையான சின்னவளைப் பற்றி அந்த வீட்டில் பேச்சு கிடையாது. சைக்கிள் கடைக்காரரைக் கட்டிக்கொண்டு போனவள். பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய்ச் சேரும் தூரத்தில்தான் இருந்தாள். போனவர் யாருமில்லை, தம்பி மகளைத் தவிர. அவள் மேட்ரனுக்குத் தெரியாமல் போய் வந்துகொண்டிருந்தாள். தெரியாமல் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளை வீட்டார் கிளம்பிய பிறகு மேட்ரன் அவளைக் கூப்பிட்டார்.

"உன் சின்ன அத்தை எப்படி இருக்கா?"

பெண் திருதிருவென்று விழித்தாள். "எந்த... எனக்கெப்படி..."

"மாசாமாசம் பழம் வாங்கிட்டுப் போறியே, அவளைத்தான் கேக்கறேன்."

"தெரியுமா உங்களுக்கு?"

"வார்டுல போர்வைக்குள்ள ஒளிச்சு சிகரெட் பிடிக்கறவனையே கண்டுபிடிச்சவ நான். எப்படி இருக்கா?"

"ஆபரேஷன் ஆச்சு அத்தை, போன மாசம். ரத்தம் ரொம்பக் கம்மியா இருக்காம். படியேறினா மூச்சு வாங்குது. எண்ணெய், நெய் எதுவும் பிடிக்கல. இனிப்பைப் பார்த்தாலே குமட்டுதுன்னு சொல்றாங்க."

மேட்ரன் முகத்தில் எதுவும் அசையவில்லை. "கல்யாணத்துக்கு வரச் சொன்னியா?"

"சொன்னேன்." பெண் தயங்கினாள். "சிரிச்சாங்க. 'உங்க பெரிய அத்தை தன் கையால ஏதாவது செஞ்சு குடுத்து விடட்டும். அதை என்னால பயமில்லாம தின்ன முடிஞ்சா, வரேன்'னு சொன்னாங்க. அதுல என்ன பயம் அத்தை?"

"உனக்கெதுக்கு அது," என்றார் மேட்ரன்.

அவளுக்குத் தெரியாது. தம்பிக்குத் தெரியும். அவன் மனைவிக்கு அரைகுறையாகத் தெரியும்.

சின்னவள் ரிஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்துப் போடப் போகிறாள் என்று தெரிந்த நாளில், அப்பா படுக்கையில் கிடந்தார். கோர்ட்டில் தலைமை எழுத்தராக இருந்த மனிதர். "இந்த வீட்டு மானம் உன் கையில," என்று மட்டும் பெரிய மகளிடம் சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மறுநாள் காலையில் சின்னவள் தலை வாரிக்கொண்டிருந்தபோது மேட்ரன் ஒரு பேரீச்சம்பழத்தைக் கொண்டுபோய் அவள் வாயில் ஊட்டினார். பழத்தில் கொட்டை இருந்த இடத்தில் பொடித்த தூக்க மாத்திரை இருந்தது.

"கசக்குதே அக்கா."

"பழம் அப்படித்தான். முழுங்கு."

சின்னவள் கண் விழித்தபோது விளக்கு வைத்திருந்தார்கள். சைக்கிள் கடைக்காரர் ஆபீஸ் பூட்டும் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாராம். அவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் கட்டிய துணியோடு போனாள். அதன்பிறகு இந்த வீட்டுப் பச்சைத் தண்ணீர் அவள் பல்லில் படவில்லை. அப்பா இறந்தபோது வந்து வாசலில் நின்று பார்த்துவிட்டு, கொடுத்த காபியைத் தொடாமல் போனாள்.

அது தவறென்று மேட்ரன் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. குடும்பத்தின் பெயரைக் காக்க வேண்டியவர் கையில் எது கிடைத்ததோ அதை வைத்துக் காத்தார். நர்ஸின் கையில் மாத்திரைதான் கிடைக்கும். ஆனால் காபி டம்ளர் அப்படியே ஆறிப்போயிருந்த அந்தக் காட்சி மட்டும் அவரை விட்டுப் போகவில்லை.

"என்ன செஞ்சு அனுப்பலாம்?" என்று இப்போது தம்பி மகளைக் கேட்டார். கேட்பதே அபூர்வம் என்பதால் பெண்ணுக்கு உற்சாகம் பிய்த்துக்கொண்டு வந்தது.

"பழ உருண்டை அத்தை! அடுப்பே வேண்டாம். சர்க்கரை, நெய் ஒரு சொட்டு கிடையாது. பேரீச்சம்பழம், அத்தி, திராட்சை, கொஞ்சம் வால்நட். மிக்ஸில அடிச்சு உருட்டி ஃபிரிட்ஜ்ல வெச்சா முடிஞ்சுது. ரத்தத்துக்கும் நல்லது. எங்க ஆபீஸ்ல எல்லாரும் இதைத்தான் டப்பால கொண்டு வராங்க."

பேரீச்சம்பழம் என்றதும் மேட்ரனின் விரல்கள் புடவைத் தலைப்பைப் பிடித்தன. பிறகு விட்டன. அதே பழம். சரி, அதே பழமாகவே இருக்கட்டும். எது முறித்ததோ அதுவே ஒட்டவைக்கட்டும் என்று நினைத்தார். அந்த நினைப்பு அவருக்குப் பிடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சமையலறை ஆபரேஷன் தியேட்டர் ஆனது. மேடையை வெந்நீரால் துடைத்தார். மிக்ஸி ஜாரைக் கழுவிக் கவிழ்த்தார். தலையில் தொப்பி, கையில் கையுறை, மூக்கையும் வாயையும் இறுக்கி மூடிய முகக்கவசம். வெளியே போகிற பண்டத்தின் மீது இந்த வீட்டு மூச்சுக்கூடப் படக்கூடாது என்பது அவர் சட்டம். அதற்கு மேலே அப்பாவின் சட்டம் ஒன்று இருந்தது: அடுத்த வீட்டுக்கு அனுப்புவதை இந்த வீட்டு நாக்கு தொடக்கூடாது. உப்புப் பார்க்கிறேன், இனிப்புப் பார்க்கிறேன் என்று யாரும் விரலை வாயில் வைக்கக்கூடாது. ருசி பார்த்து மிச்சத்தை அனுப்புகிற குடும்பம் என்ற பெயர் நமக்கு வேண்டாம் என்பார் அப்பா. அவர் போன பிறகும் சட்டம் போகவில்லை.

"ஆபரேஷன் எத்தனை மணிக்கு டாக்டர்? நோயாளி மயக்கத்துல இருக்காரா?" என்று தம்பி வாசலிலிருந்தே கேட்டான்.

"வாயை மூடிட்டு வெளிய நில்லுடா."

"அதைத்தானே பிறந்ததிலேருந்து செய்யறேன்."

பேரீச்சம்பழத்தை ஒவ்வொன்றாகப் பிளந்து, கொட்டையை நீக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். புழு இல்லை, பூஞ்சை இல்லை. கெட்டியாக இருந்தவற்றை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, வடித்து, துணியால் ஒற்றி எடுத்தார். அத்தியின் காம்பைக் கிள்ளினார். திராட்சையைக் கழுவி உலர்த்தினார்.

வால்நட் பாக்கெட்டைப் பெண் கடையிலிருந்து வாங்கி வைத்திருந்தாள். மேட்ரன் அதை ஒதுக்கிவிட்டு, முக்காலி போட்டு ஏறி, அடுப்புக்கு மேலிருந்த அலமாரியின் உச்சித் தட்டிலிருந்து ஒரு தகர டப்பாவை இறக்கினார். தங்க நிறம். சுற்றிலும் சிவப்பு நாடா. ஓய்வு பெற்ற நாளில், எல்லோர் முன்னாலும் மேடையில் பெரிய டாக்டர் தன் கையால் கொடுத்த வால்நட் டப்பா. "இவங்க கை பட்ட வார்டுல நான் கண்ணை மூடிட்டுத் தூங்கலாம்," என்று சொல்லிக் கொடுத்தார். அந்த டப்பாவை மேட்ரன் திறந்ததே இல்லை. அதைத் தின்பதற்கு ஒரு தகுதியான நாள் வரவில்லை. தம்பி மகள் பள்ளியை முடித்துக் கல்லூரியையும் முடித்து வேலைக்குப் போனபோதும் வரவில்லை.

"அத்தை! அதையா திறக்கப் போறீங்க?"

"அவளுக்குத்தான் திறக்கறேன்," என்றார் மேட்ரன். அவர் வாழ்நாளில் மன்னிப்புக் கேட்பதற்கு மிக அருகே போனது அந்த வாக்கியத்தில்தான். அதைக் கேட்க வேண்டியவள் அங்கே இல்லை.

மூடியைத் திறந்ததும், அப்பால் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த தம்பி மனைவி மூக்கைச் சுருக்கினாள்.

"அண்ணி, ஒரு மாதிரி வாடை வருதே. பழைய எண்ணெய் காறிப்போன மாதிரி."

முகக்கவசத்துக்குப் பின்னால் மேட்ரனுக்குச் சோப்பு வாசனைதான் வந்துகொண்டிருந்தது. "வெங்காயத்தை நறுக்கிட்டு வெங்காயத்துக்கு வாடைன்னு சொல்லு. பெரிய டாக்டர் குடுத்ததும்மா இது."

"யார் குடுத்தா என்ன அண்ணி, ஒன்னே ஒன்னு வாயில போட்டுப் பார்த்துட்டு..."

"இந்த வீட்டுக்கு வந்து இவ்வளவு காலமாச்சு. எது வெளிய போகுதோ அதைத் தொடக்கூடாதுன்னு இன்னும் உனக்குச் சொல்லணுமா?"

தம்பி மனைவி வாயை மூடிக்கொண்டாள். வெங்காயத்தை வேகமாக நறுக்கினாள். வாயைத் திறந்து வாங்கிக் கட்டிக்கொள்வதைவிட மூடிக்கொண்டு நிம்மதியாக இருப்பதை அவள் வெகுகாலத்துக்கு முன்பே கற்றுக்கொண்டிருந்தாள்.

"லேசா வறுத்துக்கலாமா அத்தை? மணமா இருக்கும்," என்றாள் பெண்.

"அடுப்பே வேண்டாம்னு நீதானே சொன்ன? சொன்னா சொன்னபடி செய்யணும்."

மிக்ஸியை விட்டு விட்டு ஓட்டினார். வால்நட் குருணையாக உடைந்தது. பழங்களைச் சேர்த்தார். ஜார் முனகியது, பிளேடு சிக்கியது, நிறுத்திக் கரண்டியால் தள்ளிவிட்டு மறுபடி ஓட்டினார். கறுத்த, பளபளப்பான விழுது ஒரே பந்தாகச் சுருண்டு வந்தது. ஒரு சிட்டிகை உப்பு. சின்னவளுக்குப் பிடிக்குமே என்று ஆரஞ்சுத் தோலை மெலிதாகச் சீவிப் போட்டார். பிறகு உருட்டத் தொடங்கினார். ஒன்றுக்கொன்று கடுகளவு வித்தியாசம் இல்லை. உலர்ந்த தேங்காய்த் துருவலில் புரட்டி, எவர்சில்வர் டப்பாவில் அடுக்கி, மூடி, ஃபிரிட்ஜில் வைத்தார். உருட்டும்போது அவர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். சின்னவள் குழந்தையாக இருந்தபோது பாடிய தாலாட்டு என்று தம்பி தன் மனைவியிடம் கண்ணால் காட்டினான்.

மாலையில் தம்பி டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பினான். மேட்ரன் வாசல்வரை வந்தார். "அக்கா கையாலயே செஞ்சான்னு சொல்லு. வேற எதுவும் சொல்லாதே."

"வேற எதுவும் எப்பவாவது சொல்லியிருக்கேனா?" என்று அவன் சிரித்துக்கொண்டு போனான்.

திரும்பி வந்தபோது சிரிப்பு இல்லை. டப்பாவைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"எடுத்துக்கிட்டாளா?" என்றார் மேட்ரன்.

"உக்கார வெச்சா. டீ குடுத்தா. டப்பாவைத் திறந்து பாத்துட்டு, 'பேரீச்சம்பழமா? அக்காவுக்குத் துணிச்சல்தான்'னு சிரிச்சா. கண்ணுல தண்ணி வந்துருச்சு அவளுக்கு. அவ வீட்டுக்காரர்கூட, 'சாப்பிடு, உங்க அக்கா மனசு வெச்சு அனுப்பியிருக்காங்க'ன்னாரு. ஒன்னு எடுத்துக் கடிச்சா." தம்பி நிறுத்தினான்.

"அப்புறம்?"

"மெல்லறதை நிறுத்திட்டா. என்னையே பாத்தா. எழுந்து போய் வாயைக் கொப்பளிச்சுட்டு வந்தா. வரும்போது கத்தி எடுத்துட்டு வந்தா."

மேட்ரன் டப்பாவைத் திறந்தார். உருண்டைகள் அடுக்கிய ஒழுங்கு மாறாமல் இருந்தன. ஒவ்வொன்றும் நட்ட நடுவில் இரண்டாகப் பிளந்திருந்தது. வெட்டிய முகம் மேலே தெரியும்படி, ஒன்றுவிடாமல்.

"'என்னம்மா பண்ற'ன்னு கேட்டேன். 'எதுல இருக்குன்னு பாக்கறேண்ணா'ன்னா."

தம்பி மனைவிதான் முதலில் வாயைத் திறந்தாள். அன்று அவள் மூடிக்கொண்டதெல்லாம் சேர்ந்து வந்தது.

"நான் அப்பவே சொன்னேன். காறல் வாடை வருதுன்னு சொன்னேன். கேட்டாத்தானே? ஏங்க, நீங்களாவது ஒன்னை வாயில போட்டுப் பாத்து, 'வால்நட் கெட்டுப்போயிருக்கு, வேற ஒன்னும் இல்ல'ன்னு அங்கேயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

தம்பி தரையைப் பார்த்தான். "சின்னவளும் அதைத்தான் சொன்னா. 'அண்ணா, நீ ஒன்னு தின்னு'ன்னா."

"தின்னீங்களா?"

"இல்ல."

"அப்பா சட்டமா?"

"இல்ல." அவன் குரல் இறங்கியது. "பயமா இருந்துச்சு."

மேட்ரன் தம்பியை நிமிர்ந்து பார்த்தார். நெஞ்சில் போட்டுத் தூங்கவைத்த பிள்ளை. அவன் பார்வையைத் திருப்பிக்கொண்டான். அவர் டப்பாவிலிருந்து ஒரு பாதியை எடுத்து வாயில் போட்டு மென்றார். முதலில் இனிப்பும் ஆரஞ்சு மணமும் வந்தன. பின்னாலேயே நாக்கின் அடியிலிருந்து ஒரு கசப்பு கிளம்பித் தொண்டையைப் பிடித்தது. கெட்டுப்போன கொட்டையின் கசப்பு. எந்த நர்ஸும் ஒரு நொடியில் கண்டுபிடித்துத் தட்டோடு திருப்பி அனுப்பியிருக்கக்கூடிய கசப்பு. அவரே எத்தனையோ தட்டுகளைச் சமையற்கூடத்துக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறார், சமையல்காரர்களைக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவைத்திருக்கிறார்.

துப்பவில்லை. விழுங்கினார்.

தம்பி மகளுக்கு முழுக்கதையும் அப்போதுதான் அரைவார்த்தைகளில் தெரிந்தது. அவள் முகம் வெளுத்துப்போனது. ஆனாலும் அவள்தான் கைபேசியை எடுத்தாள்.

"அத்தை, போனதெல்லாம் போகட்டும். நான் போட்டுத் தரேன். நீங்க ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. 'வால்நட் பழசு, பாக்காம போட்டுட்டேன்.' அவ்ளோதான். சின்ன அத்தை நிச்சயம் வருவாங்க. எனக்காக அத்தை."

எண்ணை அழுத்தி, சத்தத்தைக் கூட்டி, மேட்ரனின் கையில் வைத்தாள். மறுமுனையில் மணி அடித்தது. எடுத்தார்கள்.

"சொல்லும்மா," என்றது சின்னவளின் குரல். மூச்சு வாங்கியது.

"நான்தான்," என்றார் மேட்ரன்.

"அக்கா." குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "ஒன்னே ஒன்னு கேக்கறேன். அனுப்பறதுக்கு முன்னாடி நீ ஒன்னு வாயில போட்டுப் பாத்தியா?"

"வெளிய போற பண்டத்தை இந்த வீட்ல யாரும் வாயில போடறதில்ல. உனக்குத் தெரியாதா?"

"தெரியும். அன்னைக்கும் நீ தின்னல." சின்னவள் மூச்சை இழுத்தாள். "சரிக்கா, போகட்டும். எனக்கும் வயசாச்சு. நான் நம்பறதுக்குத் தயாராத்தான் இருக்கேன். கெட்டுப்போனதைத் தெரியாம போட்டுட்டேன்னு சொல்லு. நம்பறேன். வந்து முன் வரிசையிலயே உக்காந்துக்கறேன்."

தம்பி மகள் கைகளைக் கூப்பிக்கொண்டு நின்றாள். தம்பி மனைவி கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். மேசைமேல் சிவப்பு நாடா கழன்ற தங்க டப்பா இருந்தது. மேடை, கைதட்டல், "கண்ணை மூடிட்டுத் தூங்கலாம்" என்ற குரல். மேட்ரன் வாயைத் திறந்தார். வார்த்தை நாக்குவரை வந்தது. தெரியாமல். பார்க்காமல். கெட்டுப்போனதை. இந்தக் கை.

முதுகு நிமிர்ந்தது.

"கெட்டுப்போன பண்டம் இந்த வீட்டிலேருந்து வெளிய போகாது," என்றார் மேட்ரன். "ஒருநாளும் போனதில்ல."

சொன்னதன் பொருள் என்னவென்று, சொன்ன பிறகுதான் மேட்ரனுக்கு எட்டியது. பண்டம் கெட்டுப்போகவில்லை என்றால், கசப்பைப் போட்ட கை ஒன்று இருக்க வேண்டும். திருத்திச் சொல்ல நேரம் இருந்தது. அவர் சொல்லவில்லை.

"அப்ப சரிக்கா," என்றாள் சின்னவள். "உடம்பைப் பாத்துக்கோ."

இணைப்பு போனது. தம்பி மகள் கைபேசியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு அறைக்குள் போனாள். கதவு சாத்துகிற சத்தம் பெரிதாகக் கேட்டது. அந்த வீட்டில் கதவை அப்படிச் சாத்தியவள் அதற்கு முன் சின்னவள் ஒருத்திதான்.

கல்யாணம் குறையில்லாமல் நடந்தது. முன் வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. மாப்பிள்ளையின் அம்மா கேட்டபோது, "அவளுக்கு ஆபரேஷன் ஆகியிருக்கு, டாக்டர் அசையக்கூடாதுன்னுட்டார்," என்றார் மேட்ரன். அதில் பொய் ஒன்றும் பெரிதாக இல்லை. மணப்பெண் அதைக் கேட்டுக்கொண்டே நின்றாள். புது வீட்டுக்குக் கிளம்பும்போது அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதாள், அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். மேட்ரன் அவள் வாயில் ஊட்டுவதற்காக ஒரு ஸ்பூன் பாயசத்தை நீட்டியபோது, "வயிறு நிறைஞ்சிருக்கு அத்தை," என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினாள்.

வீடு காலியான பிறகு மேட்ரன் ஃபிரிட்ஜைத் திறந்தார். அந்த எவர்சில்வர் டப்பா மூலையில் அப்படியே இருந்தது. யாரும் தொடவில்லை, அவரும் கொட்டச் சொல்லவில்லை. இந்த வீட்டில் பண்டத்தைக் குப்பையில் போடும் வழக்கம் கிடையாது. மேசையில் உட்கார்ந்து, பாதி பாதியாக எடுத்து மென்றார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

தம்பி மனைவி பாத்திரம் எடுத்துப்போக வந்தவள் நின்றாள். இரக்கமோ வேறு எதுவோ, அவளுக்கே தெரியவில்லை.

"விடுங்க அண்ணி. கசக்கலையா?"

"பழம் அப்படித்தான்," என்றார் மேட்ரன், அடுத்த பாதியை எடுத்துக்கொண்டே.